எல்லைக்கோட்டுக்கு முன்னால் நின்றுவிட்ட ஸ்மித்: வெற்றியா, வீம்பா?

கோட்டைவாசல் (இழையைத் தொடங்கியவர்)

சென்ற ஞாயிறு மாலை வேலூர் சத்துவாச்சாரியில் நண்பர் ஒருவருடைய வீட்டு மொட்டைமாடியில், வெயில் இறங்கிய பிறகும் கைப்பிடிச் சுவர் சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பதினெட்டுப் பேர் உட்கார்ந்து ‘தி லோன்லினெஸ் ஆஃப் தி லாங் டிஸ்டன்ஸ் ரன்னர்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தோம். 1962-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஆலன் சில்லிட்டோ 1959-இல் வெளியிட்ட தன் சிறுகதைக்குத் தானே திரைக்கதை எழுத, டோனி ரிச்சர்ட்சன் இயக்கியது. படம் முடிந்த பிறகு மாடியை விட்டு இறங்க எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அங்கே முடியாமல் போன வாதத்தை இங்கே தொடரலாம் என்று எண்ணுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாட்டிங்காம் நகரத்துத் தொழிலாளி வீட்டுப் பையன் காலின் ஸ்மித். அப்பா இறந்துபோகிறார், அதற்குக் கிடைத்த 500 பவுண்டு காப்பீட்டுப் பணத்தை அம்மா புதுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் துணிமணிக்கும் செலவழிக்கிறாள், அவளோடு உறவு வைத்திருந்தவன் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறான். காலினும் அவன் நண்பன் மைக்கும் ஒரு ரொட்டிக் கடையில் பணத்தைத் திருடி, வீட்டு வாசலில் இறங்கும் மழைநீர்க் குழாய்க்குள் ஒளித்துவைக்கிறார்கள். துப்பறியும் போலீஸ்காரர் வாசலில் நின்று விசாரித்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொள்ள, நோட்டுகள் குழாய் வழியாக அவர் காலடியிலேயே வந்து விழுகின்றன. காலின் போர்ஸ்டல் என்ற இளங்குற்றவாளிகள் சீர்திருத்தச் சிறைக்கு அனுப்பப்படுகிறான். அங்கே தலைமை அதிகாரியாக இருக்கும் கவர்னர், இவன் நன்றாக ஓடுகிறான் என்று கண்டுகொண்டு, பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ரான்லி பள்ளியோடு நடக்கவிருக்கும் நெடுந்தூர ஓட்டத்தில் கோப்பையை வாங்கித் தருவான் என்று இவன்மேல் நம்பிக்கை வைக்கிறார். பந்தய நாளன்று எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னால் வருகிற காலின், எல்லைக்கோட்டுக்குச் சில அடி தூரத்தில் நின்றுவிடுகிறான். கவர்னரைப் பார்த்துச் சிரிக்கிறான். பின்னால் வந்தவன் தாண்டிப்போய்க் கோப்பையை வாங்குகிறான்.

என் கருத்து இதுதான். அந்த நிற்றல், அந்தப் பையன் தன் வாழ்நாளில் செய்த ஒரே சுதந்திரமான செயல். கோப்பையை வென்றிருந்தால் கவர்னர்தான் வென்றிருப்பார். தன் கால்கள் யாருடையவை என்பதை அவன் அந்தச் சில அடி தூரத்தில் சொல்லிவிட்டான். முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், வர்க்கக் கோபத்தை இத்தனை குறைந்த சொற்களில் சொன்ன வேறொரு காட்சியை நான் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

பாலாற்றுமணல்

ஐயாவுக்கு வணக்கம். மாடியில் நானும் இருந்தேன். நேரமாகிவிட்டதால் பேசாமல் இறங்கிவிட்டேன். உங்கள் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

ஓடிப் பழகாதவர்களுக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும் என்பதை நான் வேறு இடங்களிலும் கவனித்திருக்கிறேன். நெடுந்தூர ஓட்டத்தில் கடைசி இருநூறு மீட்டரில் உடம்பு என்ன சொல்லும், மனம் என்ன சொல்லும் என்பது ஓடியவனுக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் நின்றுவிடுவதற்கு உறுதி வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். உண்மையில் அந்த இடத்தில் உடம்பு முழுவதும் நில், நில் என்றுதான் கெஞ்சிக்கொண்டிருக்கும். உறுதி தேவைப்படுவது நிற்காமல் இருப்பதற்கு. இது முதல் காரணம், சிறியது.

பெரிய காரணம் வேறு. காலை வேளையில் வேலிக்கு வெளியே, காவல் இல்லாமல், பனி படிந்த காட்டுக்குள் தனியாக ஓடுவதற்கு அவனுக்கு அனுமதி கிடைத்திருந்தது. அந்த நேரத்தில்தான் அவன் யோசிக்கிறான், நினைவுகூர்கிறான், மரக்கிளைகளுக்கிடையில் குதூகலிக்கிறான். அந்தச் சிரிப்பு முடிந்த மறுநாள் காலை அவன் எங்கே இருக்கிறான்? பட்டறையில், பழைய வாயு முகமூடிகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறான். கவர்னர் இழந்தது ஒரு கோப்பை; அடுத்த ஆண்டு இன்னொரு பையனைப் பிடித்துக்கொள்வார். ஸ்மித் இழந்தது ஓட்டத்தை. பழிவாங்கப் போனவன் தன்னிடம் இருந்த ஒரே சொத்தைக் கொளுத்திவிட்டு வந்ததை வெற்றி என்று எப்படிச் சொல்வது?

காட்பாடி சந்திப்பு

இரண்டு பெரியவர்களும் கதையின் நியாயத்தைப் பேசுகிறீர்கள். எடுக்கப்பட்ட விதத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாமா?

ஒளிப்பதிவு வால்டர் லாசலி. போர்ஸ்டலுக்குள் வரும் காட்சிகளில் வரிசை, மேசை, சுவர் என எல்லாம் நேர்க்கோடுகளாக இருக்கின்றன. அவன் ஓடத் தொடங்கியதும் கேமராவும் அசைந்து தள்ளாடி அவனோடு ஓடுகிறது, வானம் சுழல்கிறது, ஜான் அடிசனின் இசை சிறுவனைப் போலத் துள்ளுகிறது. ஆகவே ஓட்டம்தான் அவனுடைய விடுதலை என்று படமே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. அதன் பிறகு நிற்பதுதான் விடுதலை என்று கடைசி ஐந்து நிமிடத்தில் தலைகீழாகத் திருப்புகிறது. பாலாற்றுமணல் அண்ணனுடைய சங்கடம் அந்தத் திருப்பத்திலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். அது படத்தின் குறையா பலமா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை.

இன்னொன்று. கைதிப் பையன்கள் அரங்கில் கூடி ‘ஜெருசலேம்’ என்ற தேசபக்திப் பாடலைப் பாடும்போது, தப்பியோடிப் பிடிபட்ட ஸ்டேசி என்ற பையன் அடிபடுவதை இடையிடையே வெட்டிக் காட்டுகிறார்கள். படத்தில் எனக்குப் பிடிக்காத இடம் அது. விரலை நீட்டிச் சுட்டிக்காட்டுவது போல இருக்கிறது.

குடியாத்தத்தாள்

மூவரும் அந்தத் தாயை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். ஐயா மட்டும் அவள் செலவழித்த பட்டியலைச் சொன்னார். எனக்கு இந்தப் படத்தின்மேல் இருக்கிற வழக்கு அங்கிருந்து தொடங்குகிறது.

கணவன் செத்துக் கைக்கு வந்த பணத்தில் ஒரு பெண் தொலைக்காட்சி வாங்கியதும், நல்ல துணி உடுத்தியதும், இன்னொருவனோடு சேர்ந்து வாழ்ந்ததும் துரோகம் என்று பையன் நினைக்கிறான். படமும் அவன் கண்ணால்தான் அவளைப் பார்க்கிறது. தன் பங்காக அம்மா கொடுத்த நோட்டுகளில் ஒன்றை அவன் கொளுத்துகிறான். எங்கள் ஊரில் பீடி சுற்றும் வீடுகளில் வளர்ந்தவள் நான். ஆயிரம் பீடிக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, இலை சரியில்லை என்று கழித்துவிட்ட பீடிக்கு மறுபடியும் உட்கார்ந்து சுற்றிக் கொடுத்த தாய்மார்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவளுடைய மகன் ஒரு நோட்டை எரித்தால் அதற்குப் பெயர் புரட்சி இல்லை, கொழுப்பு. பணக்காரன் கோப்பையை மறுப்பதும் தாய் கொடுத்த பணத்தை எரிப்பதும் ஒரே வகைச் செயல்தான் என்று படம் நினைக்கிறது என்றால், அதன் கோபத்துக்கு மேலே யார் இருக்கிறார்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்றுதான் பொருள்.

கோட்டைவாசல்

குடியாத்தத்தாள் அம்மையாரின் குறையை ஏற்கிறேன், பாதி. தாய்க்கு நியாயம் செய்யப்படவில்லை. ஆனால் அவன் எரித்தது அம்மாவின் உழைப்பை இல்லை. அப்பாவின் உயிருக்குத் தொழிற்சாலை போட்ட விலையை. மூலச் சிறுகதையில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். நோய் முற்றிய அப்பா, தன்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வந்த மருத்துவர்களை வீட்டை விட்டு விரட்டுகிறார். சோதனைக்கூடத்து எலியாகச் சாக மாட்டேன் என்கிறார். எல்லைக்கோட்டை நெருங்கும்போது ஸ்மித் நினைப்பது அந்த மறுப்பைத்தான். மகன் நின்றது தகப்பன் வழியில்.

பாலாற்றுமணலுக்கு ஒரு சொல். படம் தொடங்கும்போதே, ஓடுவது எங்கள் குடும்பத்தில் பரம்பரை, குறிப்பாகப் போலீஸைக் கண்டு ஓடுவது என்று அவன் குரல் சொல்கிறது. அவன் ஓட்டம் கவர்னர் கொடுத்த சலுகை இல்லை, அதற்கு முன்பே இருந்தது. சலுகையைத்தான் அவன் இழந்தான்.

குடியாத்தத்தாள்

மருத்துவமனையை மறுத்துச் சாவதை வேலூரில் இருந்துகொண்டு வீரம் என்று எழுதுகிறீர்களே, ஐயா. ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய மருத்துவமனையை நம்பி வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து, காட்பாடியில் இறங்கி, கையில் மருத்துவக் கோப்புகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடுதி தேடுகிற குடும்பங்களைத் தினமும் பார்க்கிறோம். அவர்களில் ஒருவரிடம் போய் இந்தக் காட்சியை விளக்குங்கள் பார்ப்போம்.

இங்கிலாந்தில் 1948-லேயே தேசிய சுகாதாரச் சேவை வந்துவிட்டது. காசு கேட்காத மருத்துவரை விரட்டுவதற்கும் ஒரு வசதி வேண்டும்.

வாணியம்பாடி வாசகன்

நண்பர்களே, நான் படத்தைத் தனியாகப் பார்த்தேன். தோல் தொழிலாளர் சங்கத்தில் இருபது ஆண்டுகள் இருந்தவன் என்பதால் எனக்குச் சில வேறு கேள்விகள் எழுந்தன.

முதலில் ஒரு தகவல். சில்லிட்டோ ஒரு தோல் பதனிடும் தொழிலாளியின் மகன்; பதினான்கு வயதிலிருந்து தொழிற்சாலையில் வேலை செய்தவர். இதைப் படித்தபோது, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலின் வாடையை உடம்பில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வரும் அப்பாக்களை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் அறிந்திருக்கவில்லை என்று தோன்றியது. அந்தக் கதையில் இருக்கும் வெறுப்பு மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்தது இல்லை. அதை மதிக்கிறேன்.

மதித்துக்கொண்டே சொல்கிறேன்: அந்த வெறுப்பு எங்கும் போய்ச் சேரவில்லை. படத்தில் சங்கம் என்ற ஒன்றே இல்லை. பட்டறையில் பத்துப் பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரையும் அவன் தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை. ஸ்டேசியைப் பாருங்கள். ஸ்மித் வருவதற்கு முன்பு அவன்தான் கவர்னருக்குச் செல்லப்பிள்ளை. ஓட்டத்தில் ஸ்மித் அவனைத் தோற்கடித்ததும் கவர்னரின் பார்வை மாறுகிறது, இருவரும் அடித்துக்கொள்கிறார்கள், ஸ்டேசி தப்பியோடி அடிவாங்குகிறான். மேஸ்திரி ஒருவனைத் தூக்கி வைத்து இன்னொருவனை இறக்கினால் இருவரும் தங்களுக்குள் மோதிக்கொள்வதை நான் எத்தனை ஷெட்டில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. இந்த இடத்தில் படம் துல்லியமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட ஸ்மித் செய்வது என்ன? தனியாக நிற்கிறான், தனியாகச் சிரிக்கிறான்.

நம் வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10-ஆம் நாள் நடந்த சிப்பாய்ப் புரட்சியை இதோடு வைத்துப் பாருங்கள். (வேலூர்க்காரர்கள் எதைப் பேசினாலும் இதற்கு வந்துவிடுவார்கள் என்ற கிண்டலை நான் அறிவேன்.) அன்றே ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து அடக்கிவிட்டார், சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள்; தோற்றதுதான். ஆனால் சிப்பாய்களைக் கொதிக்கவைத்த, தோல் பட்டை வைத்த அந்தப் புதுத் தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, சென்னை ஆளுநர் பென்டிங்க் 1807-இல் திருப்பி அழைக்கப்பட்டார். பலர் சேர்ந்து தோற்றாலும் எதிரியின் உத்தரவு அசைகிறது. ஸ்மித்தின் நிற்றலால் போர்ஸ்டலில் ஒரு விதிகூட அசையவில்லை. கதையில் இன்னும் மோசம்: ஆறு மாதம் கடும் வேலை, பிறகு நுரையீரல் உறை அழற்சி, அதனால் ராணுவத்திலிருந்து விலக்கு, வெளியே வந்து மறுபடியும் திருட்டு. படம் இதையெல்லாம் வெட்டிவிட்டு அவனைச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டது.

கோட்டைவாசல்

போர்ஸ்டல் என்ற ஏற்பாடே 1982-இல் பிரிட்டனில் சட்டப்படி ஒழிக்கப்பட்டது, தோழரே.

வாணியம்பாடி வாசகன்

இருபது ஆண்டு கழித்து நாடாளுமன்றம் ஒழித்ததை ஸ்மித்தின் கணக்கில் எழுதாதீர்கள். மேலும், அங்கே ஒழித்துவிட்டார்கள் சரி. 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த அந்தப் பெயர் இன்றுவரை நம் மாநிலத்துச் சிறைத்துறையில் ‘போர்ஸ்டல் பள்ளி’ என்று இருக்கிறது.

காட்பாடி சந்திப்பு

கதைக்கும் படத்துக்கும் உள்ள முக்கியமான வேறுபாட்டை யாரும் தொடவில்லை. கதையில் எதிரணி இன்னொரு போர்ஸ்டல்தான். இங்கிலாந்தின் போர்ஸ்டல்களுக்கிடையே நடக்கும் ஓட்டம் அது. ஏழைகளோடு ஏழைகள் ஓடுவது. படத்துக்காகத்தான் பணக்காரப் பள்ளியைக் கொண்டுவந்தார்கள். (அங்கே ‘பப்ளிக் ஸ்கூல்’ என்றால் பொதுமக்கள் நுழைய முடியாத பள்ளி என்று பொருள், இந்த வேடிக்கையைக் குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை.) கோப்பையை வாங்கும் மாணவனாக நடித்த ஜேம்ஸ் ஃபாக்ஸ் நிஜத்தில் ஹாரோ என்ற அப்படியொரு பள்ளியில் படித்தவர்; ஸ்மித்தாக நடித்த டாம் கோர்ட்னி, ஹல் துறைமுகத்தில் படகுகளுக்கு வர்ணம் பூசியவரின் மகன். முகத்தைப் பார்த்தாலே வர்க்கம் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுத்தது போல இருக்கிறது.

இந்த மாற்றத்தால் கடைசிக் காட்சி குழம்பிவிட்டது என்பது என் எண்ணம். கதையில் ஸ்மித் விட்டுக்கொடுப்பது தன்னைப் போன்ற இன்னொரு கைதிக்கு. படத்தில் விட்டுக்கொடுப்பது முதலாளி வீட்டுப் பையனுக்கு. கவர்னரை அவமானப்படுத்துவதற்காகக் கோப்பையைக் கொண்டுபோய் யாரிடம் கொடுக்கிறான் பாருங்கள்.

கோட்டைவாசல்

மிக நல்ல கவனிப்பு, தம்பி. ஆனால் எனக்கு அதுவே எதிர்ப்பக்கம் சாய்கிறது. கவர்னர் ஆசைப்படுவது தன் கைதிகள் கனவான்களோடு ஒரே மைதானத்தில் ஓடுவதைப் பார்க்க. அதன் மூலம் தானும் அந்தக் கனவான்களோடு சமமாக உட்கார. விதிகளை ஒழுங்காகப் பின்பற்றினால் எவனும் மேலே வரலாம் என்று அவர் நம்புகிறார், நம்பச் சொல்கிறார். அந்த நம்பிக்கையைக் காட்சிக்கு வைக்கும் பொம்மையாக இருக்க மாட்டேன் என்பதுதான் நிற்றலின் பொருள். கோப்பை யாருக்குப் போகிறது என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

வாணியம்பாடித் தோழருக்கு: ஒவ்வொரு மறுப்புக்கும் சங்கத்தின் ரசீது இருக்க வேண்டும் என்று கேட்டால், சங்கம் சேரும் வயதுக்கு முன்பே உடைக்கப்படும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

வாணியம்பாடி வாசகன்

ரசீது என்ற சொல்லைத் தவிர்த்திருக்கலாம், ஐயா. சந்தா ரசீது கையில் இருந்த ஒரே காரணத்துக்காக வேலையிழந்தவர்களோடு நான் இருந்திருக்கிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். வர்க்கம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தப் படத்தை நம் ஊருக்குப் பெயர்க்க முடியாது. தோல் பதனிடும் டேனரியில் தொட்டிக்குள் இறங்குபவர் யார், கணக்கு எழுதுபவர் யார் என்று கேட்டால் பதில் கூலியில் மட்டும் இல்லை, தெருவின் பெயரிலும் இருக்கிறது. ஸ்மித் தன் பேச்சை மாற்றிக்கொண்டு, நல்ல கோட்டு ஒன்று போட்டுக்கொண்டு லண்டனுக்குப் போனால் யாருக்கும் தெரியாது. இங்கே எந்த ஊருக்குப் போனாலும் நான்காவது கேள்வியில் தெரிந்துவிடும். ஆகவே அவன் வெறுப்பு எனக்குப் புரிகிறது. அவனுக்கு இருந்த வழிகள் எங்களில் பலருக்கு இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

கோட்டைவாசல்

அந்தச் சொல்லுக்கு வருந்துகிறேன்.

பாலாற்றுமணல்

இரண்டு நாளாக இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். என் எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் வாதிடுவது நேர்மையில்லை என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

என் அப்பா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் தோலைச் சுழற்றும் டிரம் ஓட்டினார். நான் ஓடத் தொடங்கியது பாலாற்றில். நீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள். கோயிலுக்கு 1981-இல் சாமி திரும்ப வந்தார். ஆற்றுக்கு நீர் மட்டும் வரவில்லை. அந்தக் காய்ந்த மணல்தான் எனக்கு மைதானம். மணலில் ஓடினால் குதிகால் புதையும். ஒவ்வோர் அடியையும் பிடுங்கி எடுக்க வேண்டும். அதில் ஆறு மாதம் ஓடியவனுக்குக் கெட்டித் தரை பறப்பது போல இருக்கும். வெறுங்காலோடு ஐயாயிரம் மீட்டரில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தேன்.

நான் படித்த பள்ளியில் கட்டணம் கட்டாதவர்களை வகுப்புக்கு வெளியே வரிசையாக நிறுத்துவார்கள்; அந்த வரிசையில் எனக்கு நிரந்தரமான இடம் இருந்தது. மாவட்டத்தில் வென்ற மறுநாள் முதல் என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. கட்டணத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை. வரிசையில் என் பக்கத்தில் வழக்கமாக நின்ற பையன் மட்டும் வெளியே நின்றுகொண்டு, சன்னல் வழியாக என்னைப் பார்த்தான். படத்தில் மைக் போர்ஸ்டலுக்கு வந்து சேர்ந்ததும் ஸ்மித்தைச் சந்தேகத்தோடு பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறது. மாடியில் அந்த இடத்தில் நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன். நேரமாகிவிட்டதால் இறங்கினேன் என்று மேலே எழுதியது முழு உண்மையில்லை.

எனக்குக் கோபம் இருந்ததா என்றால் இருந்தது. பள்ளியின் கண்ணாடி அலமாரியில் கோப்பை இருந்தது. பத்திரிகைக்கு எடுத்த புகைப்படத்தில் அதைப் பிடித்திருந்தவர் தாளாளர், ஓரத்தில் பாதித் தோளாக நான். அடுத்த ஓட்டத்தில் வேண்டுமென்றே பின்தங்கினால் என்ன என்று ஒருமுறை நினைத்ததும் உண்டு. நினைத்த அன்று அப்பா வேலையிலிருந்து வந்து, வெடித்துப்போன விரல் இடுக்குகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, நாளைக்கு ஓட்டமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஓடினேன். பின்னாளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை கிடைத்தது. அப்பா டிரம்மை விட்டு இறங்கினார். ஐயா சொல்கிற பொம்மையாக நான் இருந்தேன் என்றால், இருந்தேன். அந்தப் பொம்மையின் சம்பளத்தில் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது. ஸ்மித்துக்குப் பின்னால் அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை. அவன் நிற்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம், இல்லையா?

இப்போதும் விடியற்காலையில் மணலில் ஓடுகிறேன். நான் நின்றிருந்தால் இது எனக்கு மிஞ்சியிருக்காது என்பது என் நம்பிக்கை.

கோட்டைவாசல்

அண்மையில் இப்படி ஒரு பதிவை நான் படிக்கவில்லை. நீங்கள் எடுத்த முடிவைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஆனாலும் வாதத்தை விட மாட்டேன், மன்னிக்க வேண்டும். உங்களுக்கு முன்னால் இருந்தது வேலை, தங்கைகள், அப்பாவின் விரல்கள். ஸ்மித்துக்கு முன்னால் கவர்னர் வைத்தது என்ன? தண்டனைக் காலத்தில் கொஞ்சம் சுகம், நல்ல பெயர், பிற்காலத்தில் எங்கோ ஓடலாம் என்ற மங்கலான பேச்சு. அவ்வளவு மலிவாக அவனை வாங்கப் பார்த்தார்கள். மேலும் நின்றிருந்தால் உங்களுக்கு மணல் மிஞ்சியிருக்காது என்கிறீர்கள். யாரும் பார்க்காத அந்த விடியற்கால ஓட்டத்துக்கும் கோப்பைக்கும் என்ன தொடர்பு? அதைத்தானே ஸ்மித்தும் பிரித்துப் பார்க்கச் சொன்னான்?

காட்பாடி சந்திப்பு

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கடைசி ஓட்டத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். நிற்பதற்கு முன் அவன் மனதில் ஓடுகிற துண்டுக் காட்சிகளில் அப்பா, அம்மா, போலீஸ்காரர், கவர்னர், அவனோடு கடற்கரைக்கு வந்த பெண் எல்லோரும் வருகிறார்கள். எதிர்காலம் என்று ஒரு சட்டகம்கூட இல்லை. எல்லாம் நடந்து முடிந்தவை. நீங்கள் ஓடியபோது முன்னால் ஏதோ இருந்திருக்கிறது. அவன் பின்னால் இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டே ஓடினான்.

குடியாத்தத்தாள்

அந்தக் கடற்கரைப் பெண்ணின் பெயர் ஆட்ரி, தம்பி.

எனக்கு இன்னொரு ஐயம். ஸ்மித்தைப் பற்றியே இத்தனை பேசினோம். அவன் நின்றதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப்போய்க் கோட்டைத் தொட்ட அந்த ரான்லிப் பள்ளிப் பையன், கோப்பையை வீட்டுக்கு எடுத்துப்போய் என்ன செய்திருப்பான்? முதலாளி வீட்டுப் பிள்ளை என்பதால் அவனுக்கு அது உறுத்தியிருக்காது என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டோமா? இங்கே ஓடியவர் ஒருவர்தான் இருக்கிறார். அவரைத்தான் கேட்க வேண்டும்.

பாலாற்றுமணல்

அம்மா, இதைக் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

மாநிலப் போட்டியில் நான் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். முன்னால் போனவனை எட்டிப்பிடிக்கும் மூச்சு என்னிடம் மிச்சமில்லை. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசி வளைவில் அவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கோட்டுக்கு முப்பது மீட்டர் முன்னால் தொடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். அவன் வேண்டுமென்று நிற்கவில்லை. தாண்டும்போது என்னை நிமிர்ந்து பார்த்தான்.

தங்கப் பதக்கம் எனக்கு வந்தது. ஊருக்குத் திரும்பியதும் அப்பாவிடம் காட்டினேன். எப்படி வந்தது என்று சொல்லவில்லை. பதக்கம் இப்போது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று என் மனைவிக்குத்தான் தெரியும். ரயில்வேக்கு அனுப்பிய விண்ணப்பத்தோடு நான் இணைத்தது அந்தச் சான்றிதழைத்தான்.